அண்ணன் வீட்டெதிரே ஒரு பூங்கா

மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால் "அவ வெளிய போயிருக்கா" என்கிறார். அப்படி எங்கேதான் போகிறாயோ!

எங்கள் வீட்டெதிரே இருக்கும் பூங்காவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். வீடில்லாதவர்களுக்கு வீடு, நல்ல விஷயம்தான். அதற்காக இருக்கிற ஒரு துண்டுப் பச்சையையும் அழிக்க வேண்டுமா? ஊருக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா? குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான்தான் வழக்குப் போடப் போகிறேன். ஆட்சேப மனு இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அனுப்பு. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமென்றால், உன் மாப்பிள்ளைக்கு இரவு ஷிஃப்ட். இருக்கிற ஒரே அறையில் பகலெல்லாம் அவர் தூங்க வேண்டும். பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். ஏறி இறங்குகிறவர்கள் எல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போகிறார்கள்.

அந்த அடுக்குமாடியில் எங்களுக்கு வீடு ஒதுக்கியாகிவிட்டது அண்ணா. மூன்றாவது மாடி, இரண்டு அறை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நீ பூங்கா புராணத்தை ஆரம்பித்தாய். அதனால்தான் ஃபோனை எடுக்கவில்லை. அந்தப் பூங்காவில் நீ ஒரு நாளாவது நடந்து நான் பார்த்ததில்லை. பூங்காவையொட்டிக் கார் நிறுத்துகிற இடம் போய்விடுமே என்றுதானே உங்கள் தெருவுக்கே வயிற்றெரிச்சல்?

ஊருக்கு மூச்சுவிட இடம் வேண்டும், சரி. எங்களுக்குக் கால் நீட்ட இடம் வேண்டாமா? வழக்கெல்லாம் வேண்டாம் அண்ணா. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

உன் தங்கை

மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தபோது வழக்குப் போட்டாகிவிட்டது. இப்போது பின்வாங்கினால் தெருவில் தலைகாட்ட முடியுமா, நீயே சொல். நேற்று தடை உத்தரவும் கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே பழைய கிடங்கு இருக்கிற இடத்தில் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். தூரம்தான், ஆனால் என்றைக்காவது பஸ் விடுவார்கள்.

மனதில் வைத்துக்கொள்ளாதே. பூங்கா எல்லோருக்கும்தான். பிள்ளைகளை அழைத்து வா, ஆசைதீர விளையாடட்டும்.

உன் அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

எல்லோருக்கும் என்று எழுதினாயே, நம்பி ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்து வந்தேன். உன்மேல் கொலைவெறியில்தான் இருந்தேன். ஆனாலும் பிள்ளைகள் விளையாடட்டும் என்று வந்தேன்.

வாசலில் காவலாளி "எந்த வீடும்மா? வெளியாளுங்கள விடக்கூடாதுன்னு சங்கத்துல சொல்லியிருக்காங்க" என்றான். செயலாளரின் தங்கை என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டு உன்னிடம் பேசினான். உன் வீட்டில் சங்கத்துக்காரர்கள் பேசிச் சிரிப்பதுகூடக் கேட்டது.

"சார், உங்க தங்கச்சின்னு ஒரு அம்மா வந்திருக்காங்க."

"தங்கச்சியா? இல்லப்பா, தெரிஞ்சவங்க. கொஞ்ச நேரம் விளையாடிட்டுப் போகட்டும், விடு."

வீடு கேட்டவர்கள் பட்டியலில் உன் கூடப்பிறந்தவளும் இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது. புரிகிறது. புரிவதால் வலிக்காமல் போய்விடுமா?

சின்னவன் ஊஞ்சலை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தான். பெரியவள் உள்ளே வரவேயில்லை. வாசலிலேயே நின்று, "மாமா ஏம்மா அப்படிச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

வீடு போனதற்காக உன்னை என்றாவது மன்னித்திருப்பேன். இனி எனக்கு எழுதாதே.

இப்படிக்கு,
தெரிஞ்சவங்க