கழுத்து நீண்ட வாத்துகள்

என் வீட்டுக்காரருக்கு,

போனில் கேட்டால் "ஒண்ணுமில்ல, டெஸ்ட்தான்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே உங்கள் தறியில் உட்கார்ந்துவிட்டேன். அதே வாத்து டிசைன் அட்டை, அதே நூல். என் வாத்துக்கு மட்டும் கழுத்து ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டுவிட்டது. அட்டையை மாற்றிக் கோத்துவிட்டேனோ என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். பக்கத்துத் தறி அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அட்டை மேல பழி போடாத. பலகையை ஓங்கி அடிச்சா நூல் நெருங்கும், வாத்து குண்டாகும். நீ தடவிக் குடுக்கிற, அது நீண்டுக்கிட்டே போகுது."

கையின் பலம் துணியில் தெரியுமா! எனக்கு ஒரே ஆச்சரியம். உங்கள் வாத்துகளைப் பார்க்கும் ஆசையில், தறியில் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். உள்சுற்றில் இருந்தவை, மழைக்காலத்துக்கு முன்பு நெய்தவை, உங்களைப் போலவே தொந்தியும் தொப்பையுமாக இருந்தன. வெளியே வர வர இளைத்துக்கொண்டே வந்தன. நீங்கள் கடைசியாக நெய்த வாத்துக்கும் என் முதல் வாத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

கை எப்போதிலிருந்து இப்படிப் பலமில்லாமல் போனது என்று டாக்டர் கேட்டபோது, "போன வாரத்துலேர்ந்துதான்" என்றீர்கள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

துணியைப் பாதியிலேயே அறுத்துவிட்டேன். முதலாளி கத்தினால் கத்தட்டும். நாளைக்கு டாக்டர் திரும்பக் கேட்கும்போது நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அவர் மேஜைமேல் நான் விரித்துக் காட்டுகிறேன்.

துணியோடு வருகிற
உங்கள் வீட்டுக்காரி