கிஷோருக்கு வரும் இரண்டு கோடுகள்

நகரி,
மாசி 8

அன்பு மகன் கிஷோருக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தாத்தாவும் மாந்தோப்பும் சுகம். நீ சுகம் என்று போனில் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன், மீதியை உன் கையெழுத்தில் பார்த்தால் நம்புவேன். தோப்பு முழுக்கப் பூ. பனி விலகியதும் கட்டிலை மரத்தடியில் போட்டால் தாத்தா உச்சி வெயில்வரை அதிலேயே கிடக்கிறார், பூ உதிர்ந்து போர்வையெல்லாம் மஞ்சள், தூங்குகிறாரா விழித்திருக்கிறாரா தெரிவதில்லை. நூற்று மூன்று வயது மனிதர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்கும் பொழுது போவது தெரிவதில்லை.

பொங்கலன்று நீ சொன்னது என்னை விட்டுப் போகவில்லை. நைனா நாப்பத்தொம்பதுல பூட்டாரு, எனக்கு இன்னும் பன்னெண்டு வருஷம்தான், அத வச்சிக்கினு நளினிய எப்படிக் கட்டிக்கிறது என்று கேட்டாய். உன் நைனா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்காமல் போனதும் இந்தத் தோப்பில்தான், அவரைப் பெற்றவர் இன்றைக்கும் கேழ்வரகுக் களி கேட்டு வாங்கிச் சாப்பிடுவதும் இங்கேதான். நீ இவர்களில் யாரைக் கொண்டு பிறந்தாய் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிப் போனேன்.

போன வாரம் திருப்பதியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். நூறைத் தாண்டியவர்களிடமும் அவர்களுடைய ரத்த சொந்தங்களிடமும் ரத்தம் எடுக்கிறார்களாம். டாக்டர் கீர்த்தி என்று ஒரு பெண், பாதி தெலுங்கு பாதி தமிழ். அவள் ஊசி போட்டபோது தாத்தா கண்ணைத் திறக்காமலே கொசு கடிக்குது பாரு என்றார். படிவத்தில் என் பெயருக்கு நேரே உறவு என்ற இடத்தில் மருமகள் என்று எழுதினேன், மருமகளுக்கு ரத்த சொந்தம் கிடையாது என்று என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சாயங்காலம் களி கிண்டும்போதுதான் உறைத்தது, நான் இவருக்கு மகள் வயிற்றுப் பேத்தி அல்லவா. சிரிக்காதே. உன் நைனா எனக்குத் தாய்மாமன் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் தாலி ஏறிய அன்றே என் அம்மா, இனிமே தாத்தான்னு வாயில வரக்கூடாது, மாமான்னு கூப்புடு என்று கண்டித்துச் சொல்லிவிட்டாள். நாற்பது வருஷமாக மாமா மாமா என்றே கூப்பிட்டு, பேத்தியை நானே தொலைத்துவிட்டேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பதிக்குக் கிளம்பினேன். புத்தூர் மலை பனியில் பாதி இருந்தது, பாதி இல்லை. விஷயத்தைச் சொன்னதும் கீர்த்தி தலையில் கை வைத்துச் சிரித்தாள். மருமகள் என்பதை அடித்துவிட்டுப் பேத்தி என்று எழுதினாள், ரத்தம் எடுத்தாள், ஒரு தாளில் படமும் போட்டுக் காட்டினாள். தாத்தாவிலிருந்து ஒரு கோடு உன் நைனா வழியாகவும், இன்னொன்று என் அம்மாவையும் என்னையும் தொட்டும் வந்து, இரண்டும் உன் பெயரில் போய்ச் சேர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படீன்னா எம் புள்ள ரொம்ப நாளு இருப்பானா என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மகாரு, பொய் சொல்லமாட்டேன் என்றாள். எண்பது, தொண்ணூறு வரை வருவதற்குச் சாப்பாடும் பழக்கமும் அதிர்ஷ்டமும்தான் முக்கியமாம், அதற்கு மேலே போகப் போகப் பிறவியிலேயே வந்த சின்னச் சின்ன வித்தியாசங்கள் அதிகமாகக் கை கொடுக்குமாம். அது ஒன்றல்ல, எத்தனையோ, எல்லாம் ஒருவரிடம் சேர்ந்து வந்தால்தான் உண்டு. நல்லது இரண்டு வழியில் வரலாம் என்றால் கெட்டதும் அப்படியே வரலாம், அதனால் பையன் நெஞ்சைச் சோதித்துக்கொள்ளட்டும், ஆயுசை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள் என்றாள். 

பஸ் முழுக்க அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தோப்புக்கு வந்தபோது தாத்தா அதே கட்டிலில். என்னை அறியாமல் தாத்தா என்று கூப்பிட்டுவிட்டேன். மெல்லக் கண்ணைத் திறந்து, வரலச்சுமியா, எப்ப வந்த, ஸ்கூலு லீவு வுட்டுட்டாங்களா என்றார். ஆமாம் தாத்தா என்று சொல்லிக் கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தலையில் பூ விழுந்துகொண்டே இருந்தது.

கிஷோர், உன் நைனாவோடு நான் இருந்தது இருபத்திரண்டு வருஷம். அவ்வளவுதான் என்று முதல் நாளே யாராவது சொல்லியிருந்தாலும் அவரைத்தான் கட்டியிருப்பேன். என்னைக் கேட்காமல் எனக்காக அவர் விலகிப் போயிருந்தால் ஜென்மத்துக்கும் மன்னித்திருக்கமாட்டேன். நளினியைக் கேட்காமல் அவளுக்காக நீ முடிவு செய்யாதே.

உன் தலை முழுக்க நரைக்கட்டும், பல்லெல்லாம் ஒவ்வொன்றாக விழட்டும், களி கேட்டு அடம் பிடிக்கும் வயது உனக்கும் வரட்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். இந்த வாரமே டாக்டரிடம் போய் நெஞ்சைக் காட்டு, மறக்காதே. கீர்த்தி போட்ட படத்தை இதோடு வைத்திருக்கிறேன், உன் பெயருக்குப் பக்கத்திலும் கீழேயும் இடம் விட்டிருக்கிறாள். அதை நளினியிடம் காட்டு.

இப்படிக்கு,
உன் அம்மா, அந்தப் படத்தின்படி உன் அத்தை மகளும்கூட,
வரலட்சுமி