ஒடிய வேண்டிய போல்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் செவலையும் அதன் கன்றும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் எது கேட்டாலும் உம் கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் புல்வெட்டி படுத்துவிட்டது, பிறகு எழுந்தும்விட்டது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. மேட்டு நிலத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது, வானமோ கறுத்துக்கொண்டு வருகிறது, வெட்டிக் காயவைத்து உள்ளே சேர்க்காவிட்டால் தீனி கிடையாது, செவலையைக் கன்றோடு விற்க வேண்டியதுதான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். டிராக்டரில் புல்வெட்டியை மாட்டிக்கொண்டு போன உன் அப்பா பாதியில் திரும்பி வந்தார். புல்லுக்குள் கிடந்த கல்லில் பிளேடு மாட்டி, கியர் பாக்ஸுக்குள் ஷாஃப்ட் இரண்டு துண்டாகிவிட்டதாம். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. லேத் பட்டறைக்காரர் நினைவிருக்கிறதா, ஆமை வேகத்தில் வேலை செய்கிறார் என்று எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர் வைத்தோமே, அவரேதான் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தார். எண்ணெயை வடித்து, மூடியைக் கழற்றி, ஒடிந்ததை உருவி எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பழைய மெஷினுக்குக் கடையில ஷாஃப்ட் கிடைக்காது, நானே கடைஞ்சு தரேன், மழைக்கு முன்னாடி ஓடும், கவலைப்படாதீங்கக்கா என்றார். போன உயிர் பாதி திரும்பி வந்தது எனக்கு. கெட்டி ராடு ஒன்றை லேத்தில் கடைந்து, பழைய துண்டோடு வைத்து அளந்து அளந்து பல் வெட்டி, பேரிங்கும் ஆயில் சீலும் புதிதாக மாட்டினார். நாம் கேலி செய்த நிதானம்தான் நம்மைக் காப்பாற்றியது. அவர் குடும்பம் நன்றாக இருக்கட்டும். இனியும் எக்ஸ்பிரஸ் என்றுதான் சொல்வேன், ஆனால் மரியாதையோடு சொல்வேன்.

எல்லாம் முடிந்ததும் அவர் ஒரு கேள்வி கேட்டார். கல் மாட்டினால் டிராக்டர் இணைப்பில் இருக்கும் சின்ன போல்ட்தானே ஒடிந்து மற்றதைக் காப்பாற்ற வேண்டும், ஷாஃப்ட் எப்படி ஒடிந்தது என்று. உன் அப்பா தலையைச் சொறிந்தார். போன முறை நீ அந்த போல்ட் ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்துவிட்டுப் போனாயே, அதை பீரோவில் உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, எங்கிருந்தோ லேசில் ஒடியாத ஒரு கெட்டி போல்ட்டை எடுத்து முடுக்கியிருக்கிறார். புள்ள வாங்கிக் குடுத்தது, ஒவ்வொண்ணா ஒடிஞ்சு போறதைப் பாக்க மனசு வரல என்கிறார். நாலு வார்த்தை கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பட்டறைக்காரர் சிரித்துக்கொண்டே, அண்ணே, ஒடியறதுக்குத்தான் வாங்கிக் குடுத்திருக்கு என்றார்.

அப்புறம் உன் போல்ட்டைப் போட்டுத்தான் வெட்டினோம். நடுவில் இன்னொரு கல், டக்கென்று போல்ட் ஒடிந்தது, ஷாஃப்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சாமான் ஒடிந்ததற்காக உன் அப்பாவைப் போலச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. ஒடிந்த துண்டை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், கேட்டால் முறைக்கிறார். புல்லெல்லாம் காய்ந்து கொட்டகைக்குள் வந்துவிட்டது. இதை எழுதும்போது வெளியே மழை கொட்டுகிறது, செவலை உள்ளே நின்று அசைபோடுகிறாள். யாருக்கென்று நன்றி சொல்வது, பட்டறைக்காரருக்கும் சொன்னேன், உனக்கும் சொல்கிறேன்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. வீடியோ காலில் பார்த்தேன், நான் பின்னிக் கொடுத்த கம்பளிச் சால்வை மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருக்கிறது, நீ குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய். எடுத்துப் போர்த்திக்கொள். கிழிந்தால் கிழியட்டும், இன்னொன்று பின்ன நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா