அறுபத்தெட்டு கிலோ வெல்லம்

குருவாயூரப்பன் துணை

ஒற்றப்பாலம்
கும்பம் 12

என் பொன்னு மகள் ரஜிதாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் தங்கை ஷிம்னாவும் இங்கே சுகம். ஃபோனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்ன எடை 69.6. அதற்கு முந்தின வெள்ளி 68. சமையலறைக் காலண்டரில் குறித்திருக்கிறேன். ஏழே நாளில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். வயிற்றை வெட்டிச் சின்னதாக்கிய பிறகும் எங்கே கொண்டுபோய் வைக்கிறாய்? கோபமில்லை மோளே, தெரியாமல்தான் கேட்கிறேன்.

நேற்று உனக்குப் பேசி வைத்திருக்கும் ஜயதேவனின் அம்மா பத்மாவதி டீச்சர் வந்திருந்தார். "பொண்ணுக்கு எடை குறைக்க ஆபரேஷன் பண்ணிருக்குன்னு சொன்னீங்க. கல்யாணத்துக்கப்புறம் மறுபடி ஊதிட்டா?" என்று கேட்டார். "ஊத மாட்டா டீச்சர். அறுபத்தெட்டுல நிப்பா. வேணும்னா பகவான் முன்னாடி தராசுலயே உக்கார வச்சுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது நேர்ச்சையாகிவிட்டது, பகவானிடம் வேண்டிக்கொண்ட மாதிரி. மீன மாசம் ஒன்பதாம் தேதி நம் கிருஷ்ணன் அம்பலத்தில் உனக்குத் துலாபாரம். அறுபத்தெட்டு கிலோ வெல்லம். அது முடிந்துதான் நிச்சயத்துக்கு நாள் பார்ப்பார்களாம்.

இரவுக் கஞ்சியை நிறுத்து.

உனக்காக விரதமிருக்கும் அம்மா,
கமலாட்சி


ஹைதராபாத்
மார்ச் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை டாக்டரிடமே காட்டினேன். சிரித்தார். "ரெண்டு வருஷத்துல அம்பத்துமூணு கிலோ இறங்கியிருக்கே, அத காலண்டர்ல எழுதலையா அவங்க?" என்றார். ஒன்றிரண்டு கிலோ ஏறுவதும் இறங்குவதும் எல்லா உடம்புக்கும் உள்ளதுதானாம். ஊறுகாய் தின்றால் ஏறும், மாதவிலக்குக்கு முன் ஏறும். கொழுப்பல்ல, தண்ணீர். அவர் எழுதித் தந்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டினி கிடக்கவே கூடாது, தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்று அதில் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

ஜயதேவனிடமும் சொன்னேன். "அறுபத்தெட்டோ எழுபதோ, உன்ன என்ன தூக்கிக்கிட்டா நடக்கப்போறேன்?" என்கிறார். அம்மா, எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. முப்பத்தோரு வயதில் முதல் தடவையாக ஒருவர், நான் பசியோடு இருக்கக்கூடாதே என்பதற்காக "சாப்டியா" என்று கேட்கிறார்.

துலாபாரத்துக்கு வருகிறேன். வெல்லம் மட்டும் நாலைந்து கிலோ கூடவே வாங்கி வையுங்கள்.

உங்கள் மகள்,
ரஜிதா


குருவாயூரப்பன் துணை

ஒற்றப்பாலம்
மீனம் 1

என் பொன்னு மகளுக்கு,

டாக்டர் தாளைப் பூஜையறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவர் படித்தவர், ஆனால் நேர்ந்துகொண்டவர் அவரில்லை.

வெல்லம் வந்துவிட்டது. கடையிலேயே நின்று ஒவ்வொரு மூட்டையாக நிறுக்க வைத்தேன். சரியாக அறுபத்தெட்டு. கூட வாங்கி வைத்தால் பகவானையே நம்பாதது போலாகும்.

மூன்று நாள் முன்னதாக வந்துவிடு. இரண்டு நாள் துளசித் தீர்த்தம் மட்டும், கடைசி நாள் அதுவும் வேண்டாம். காலையில் குளத்தில் முங்கி, ஈரன் துணி மாற்றாமல் அப்படியே தட்டில் உட்கார வேண்டும். பக்தியென்றால் முழுதாக இருக்கட்டும். டீச்சர் வீட்டிலிருந்து பதினோரு பேர் வருகிறார்கள்.

அன்புடன் அம்மா


ஹைதராபாத்
ஏப்ரல் 2

அம்மாவுக்கு,

இன்றுதான் எழுந்து உட்கார்ந்து எழுத முடிந்தது.

மூட்டைகளெல்லாம் ஏற்றியாகிவிட்டது, என் தட்டு தரையைவிட்டு எழும்பவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே, "பரவால்ல சேச்சி, எங்க பங்குக்கு ரெண்டு கிலோ நாங்க போடறோம்" என்றார். நீங்கள் குனிந்து என் காதில் சொன்னது இன்னும் கேட்கிறது: "மூச்ச அடக்கிக்கோடீ." அடக்கினேன், அம்மா. இறங்கும்போது விழுந்தேன்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள். டிரிப் போட வந்த நர்ஸிடம், "இந்தத் தண்ணி ஏத்தினா எடை கூடுமா?" என்று கேட்டீர்கள். நான் கண் மூடியிருந்தேன், தூங்கவில்லை.

படுத்துக்கொண்டே யோசித்தேன். உடுத்தியிருந்த செட்டு முண்டு முழுதும் நனைந்திருந்தது. இடுப்பு வரைக்கும் முடி, அதுவும் நனைந்திருந்தது. ஈரத்துக்கு எடை இல்லையா? இதை டீச்சரிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் சாக்கு என்பார்கள். பத்து நாளாக ஜயதேவன் ஃபோனை எடுக்கவில்லை. உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ரஜிதா


குருவாயூரப்பன் துணை

ஒற்றப்பாலம்
மேடம் 6

என் பொன்னு மகளுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே அந்தச் செட்டு முண்டை நிறுத்துப் பார்த்தேன். உலர்ந்தது எண்ணூறு கிராம். வாளியில் முக்கி எடுத்தால் இரண்டு கிலோ முந்நூறு. முடியை நிறுக்க வழியில்லை, ஒரு அரைக் கிலோ போட்டுக்கொண்டேன். கணக்கு ஒத்துவருகிறது. உன் மேல் தப்பில்லை.

டீச்சரிடம் நேரில் போய்ச் சொன்னேன். "நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சேச்சி. ஆனா பதினோரு பேர் பாத்தது பாத்ததுதானே. நாளைக்கு எம் மருமகள எங்க கூட்டிட்டுப் போனாலும் அந்தப் பேச்சுத்தான் வரும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். ஷிம்னாதான் சாயா கொண்டுவந்தாள். டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இவ எத்தனை கிலோ?" என்றார். அம்பத்திரண்டு என்றேன். அவளை யாரும் தராசில் ஏறச் சொல்லவில்லை. ஜயதேவனுக்கு இவளையே எடுத்துக்கொள்கிறோம் என்றார் டீச்சர். அவன் ஒரு நாள் அவகாசம் கேட்டான். மறுநாள் சரி என்றுவிட்டான். ஷிம்னா இரண்டு நாள் அழுதாள், இப்போது அழுவதில்லை. மேடம் இருபது நிச்சயம், சிங்ங மாசம் நாலு கல்யாணம். பகவான் நேர்ச்சையைக் கைவிடவில்லை, ஆளைத்தான் மாற்றினார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நீயும் தேற்றிக்கொள்.

கல்யாணத்துக்கு நீ வர வேண்டாம். பார்க்கிறவர்கள் பழையதை எடுப்பார்கள், பாவம் ஷிம்னாவுக்குச் சங்கடம். ஒரு வாரம் கழித்து வா, உனக்குப் பிடித்த அயிலை மீன் குழம்பு வைக்கிறேன்.

உனக்கென்று தைத்து வைத்திருந்த ஆறு ரவிக்கைகளையும் தையல்காரியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் பிடித்துத் தந்தாள். துணி ஒன்றும் வீணாகவில்லை. ஷிம்னாவுக்குத் தோளில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று நிற்கிறது, அதையும் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்றும் உன் நன்மையே நினைக்கும் அம்மா,
கமலாட்சி