கொடியில் எழுதியிருந்தது

என் அன்பு மனைவிக்கு,

எழுத்துக் கற்றபின் நான் எழுதும் முதல் கடிதம் இது.

நீ சொன்னபடியே இசைவிழாவுக்குத் தனியாக வந்தேன். வழக்கமான இடத்தில் கூடாரம் போட்டு, நீ தைத்த கொடியைக் கம்பத்தில் ஏற்றினேன். ஒவ்வொரு கோடையிலும் மற்றவர்கள் நம்மைச் சுற்றி இடம் விட்டே கூடாரம் போடுவார்கள். வயதுக்கு மரியாதை என்று நினைத்திருந்தேன்.

இன்று காலை பக்கத்துக் கூடாரத்து சிக்னே காபி கொண்டுவந்தாள். “என்ன பெருசு, இந்த வருஷம் சத்தமே காணோம்? உங்க கொடியை நம்பி காதுக்குப் பஞ்சு வாங்கி வந்தேன், வீணாப்போச்சு” என்றாள்.

நிமிர்ந்து கொடியை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘எச்சரிக்கை: என் புருஷன் குறட்டை விடுவார்.’

நம் குடும்பப் பெயர் என்றுதானே சொன்னாய், கள்ளி. சிரித்த சிரிப்பில் காபி சட்டையில் கொட்டிவிட்டது.

“அப்போ ராத்திரி தூங்கவே இல்லையா?” என்று கேட்டாள்.

“வானம் இருட்டவே மாட்டேங்குது, எப்படித் தூங்குறது?” என்றேன். இந்த வடதேசத்துக் கோடை இரவுகள் எல்லா வருஷமும் அப்படித்தான் என்பது உனக்குத் தெரியும்.

இடுப்பு அறுவை சிகிச்சைக்குப்பின் நேற்று நீ ஜன்னல்வரை நடந்ததாக நர்ஸ் போனில் சொன்னார். கூடாரத்தில் உன் பக்கப் படுக்கையையும் விரித்துத்தான் வைத்திருக்கிறேன். கொடியை இறக்கவில்லை. நீ இல்லாமல் அது பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த கோடையில் வந்து அதை மெய்யாக்கு.

உன் குறட்டைக்காரன்