வரிசையை விடாத லாரி

இன்று மதியம் துறைமுக யார்டில் அரிசி மூட்டை ஏற்றிய கன்டெய்னர் ஒன்றைத் திறந்தார்கள். வெக்கையில் புழுங்கிய சாக்கு வாசம் முகத்தில் அடித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. "ஏளா, பஸ்ஸுல வந்தியா, நெல்லு மூட்டை மேல ஏறி வந்தியா?" என்று மூக்கைச் சுளிப்பாயே.

நாம் ஒன்றாகப் படித்த கல்லூரி முடிந்த கையோடு நீ மீன் கம்பெனியில் சேர்ந்துவிட்டாய். எனக்கு அதே மாதம் அப்பா பக்கவாதத்தில் படுத்தார். ஸ்ரீவைகுண்டத்து வயல் என் தலையில் விழுந்தது. அறுவடை மெஷினுக்கு அலைவதும், கொள்முதல் நிலையத்தில் நெல் லாரியோடு காத்துக் கிடப்பதுமாக மூன்று வருடம் போயிற்று. அங்கே வண்டி வரிசையை விட்டு நகர்ந்தால் முறை போய்விடும். ஒருமுறை டிரைவர் பசியென்று ஓட்டலுக்கு வண்டியைத் திருப்ப, நானும் விட்டுவிட்டேன். திரும்பி வந்து கடைசியில் நின்றோம். மழை வந்து நெல்லெல்லாம் நனைந்தது. அதன்பிறகு தூக்குவாளியோடு நானே லாரிக்குப் போக ஆரம்பித்தேன்.

அப்பா எழுந்து நடமாடியதும் வேலை தேடினேன். போன இடமெல்லாம் அந்த மூன்று வருடத்தைத்தான் கேட்டார்கள். சித்தப்பா சொல்லிக்கொடுத்தபடி பேங்க் பரீட்சைக்குப் படித்தேன் என்பேன். எந்தப் பரீட்சை என்றால் திருதிருவென்று முழிப்பேன்.

முத்தையாபுரம் பஸ் ஸ்டாப்பில் எனக்கு இன்டர்வியூ பழக்கிவிடுவாய், நீதான் மேனேஜர். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "மூணு வருசமா என்ன செஞ்சீங்க?" என்பாய். நான் பேங்க் என்று வாயெடுத்தால், "பொய்யி. அடுத்த ஆளு வாங்க" என்று விரட்டுவாய்.

"வயலுன்னு சொன்னா சிரிப்பாங்கல்லா?"

"சிரிக்கட்டும். நீ சும்மாவா கெடந்த? இங்க கெடைக்காட்டி அடுத்த எடத்துலயும் அதையே சொல்லு."

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீசில் அதையே சொன்னேன். எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை. "சாயந்தரம் கப்பலுக்கு கேட்டை மூடிருவாங்க. லாரி லைன்ல நிக்கி. டிரைவர் பசிக்கின்னு வண்டியத் திருப்புதாரு. என்ன செய்வீங்க?"

"சாப்பாட்ட லாரிக்குக் கொண்டு போவேன் சார். லாரியச் சாப்பாட்டுக்கு விட மாட்டேன்."

அப்போதுதான் சிரித்தார். "திங்கக்கெழம வந்து சேந்துருங்க" என்றார்.

வெளியே வந்ததும் உனக்குத்தான் போன் போட்டேன். உன் அம்மா எடுத்தார்கள். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், நினைவே இல்லை என்றார்கள். கண் திறக்காமலே நீ போய்ச் சேர்ந்தாய். திங்கட்கிழமை நான் வேலையில் சேரவில்லை. உன் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றேன். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போய்விட்டேன். போகாமல் இருந்திருந்தால் நீ என்னை மன்னித்திருக்கமாட்டாய். நல்ல சேதியைக் கேட்காமல் போன உன்னை நானும் இன்னும் மன்னிக்கவில்லை.

நேற்று என் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இதோ, கேட்டுக்கு வெளியே லாரி நிற்கிறது. டிரைவர் அண்ணாச்சி இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பரோட்டாப் பொட்டலத்தோடு வெயிலில் நடந்துகொண்டிருக்கிறேன். அந்தக் கட்டைக் குரலும் கூடவே வருகிறது. ஒரே ஒரு தடவை, "மூணு வருசமா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பார். இனி அடுத்த ஆளைக் கூப்பிட உன்னால் முடியாது.