உன் உள்ளங்கைக்குக் கேட்ட ரீங்காரம்

இன்று காலை பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பாத்திரக்கடை அண்ணாச்சி, கீறல் இல்லை என்று காட்டுவதற்காக ஒரு வெண்கலக் கிண்ணத்தைச் சுண்டினார். "கேளுங்கம்மா, சத்தம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு," என்றார். நான் எதுவும் வாங்காமல் இறங்கி, ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் ஒதுங்கி நின்று அழுதேன். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

என் வீட்டுக்காரர் விபத்தில் போனபிறகு எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டே இருந்தது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, மனசுதான் என்று மாத்திரை கொடுத்தார். வங்கியில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த நீ, விடுமுறையில் கற்றுவந்த ஒலிச் சிகிச்சையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். என்னைப் பாயில் படுக்கவைத்து, நெஞ்சின்மேல் ஒரு வெண்கலக் கிண்ணத்தை வைத்து மெல்லத் தட்டினாய்.

"காதால கேக்காதட்டி. எலும்புல எங்க அதிருதுன்னு மட்டும் பாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. வாயை மூடி 'ம்' என்று நீ இழுக்க, நானும் சேர்ந்து இழுத்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. மாத்திரையை விட்டுவிடட்டுமா என்று கேட்டபோது அதட்டினாய். "அது மருந்து, இது துணை. ரெண்டையும் போட்டுக் குழப்பாத."

அப்புறம் வண்ணார்பேட்டையில் உன் வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடினார்கள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்துகூட ஒருத்தி பஸ் ஏறி வருவாள். எல்லோருடைய ரீங்காரத்துக்கும் கீழே உன் குரல் தரைபோல விரிந்து கிடக்கும்.

அந்தக் குரலில்தான் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் பிழைக்கலாம் என்றார்கள். அறுவைக்கு உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்து, "ஒருதடவ சேர்ந்து இழுப்போமாட்டி," என்றாய். நீ இழுத்தாய். என்னால் சேர்ந்து இழுக்க முடியவில்லை. உன் குரல் மட்டும் தனியாகப் போய் முடிந்தது.

வீடு திரும்பியதும் கழுத்தில் போட்ட துளைவழியே மூச்சுவிடப் பழகினாய். உனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் கிண்ணத்தைத் தட்டினால் கையால் தள்ளிவிட்டாய். மாடிக்கதவைப் பூட்டச் சைகை காட்டினாய். உன் மகள் சமையலறையில் நின்று, "அம்மா என்னைப் பாக்கவே மாட்டேங்கா அத்தை," என்று விம்மினாள்.

ஒரு மத்தியானம் சளி அடைத்து நீ திணறிப்போனாய். மகள் குழாய்விட்டுச் சளியை எடுத்தபிறகும் உன் பயம் அடங்கவில்லை, கண்கள் அலைந்தன. என்ன செய்வதென்று தெரியாமல் உன் உள்ளங்கையை எடுத்து என் நெஞ்செலும்பின்மேல் வைத்து 'ம்' என்று இழுத்தேன். உன் கண் என்மேல் வந்து நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக உன் மூச்சு என் மூச்சோடு வந்து சேர்ந்தது. நான் நிறுத்தியதும் உதட்டை மட்டும் அசைத்தாய்: "இன்னும்."

அதற்குப்பின் தினமும் அதுவே. மகளின் நெஞ்சிலும் கைவைத்தாய். அவள் அழுதுகொண்டே இழுப்பாள், பிசிறடிக்கும். நீ சிரிப்பாய்.

நோய் திரும்பி வந்தது. நம்முடைய ஒலி அதைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று நீ ஒருநாளும் சொன்னதும் இல்லை. கடைசிக் காலையில், ஆஸ்பத்திரி வார்டின் அத்தனை இரைச்சலுக்கு நடுவில், உன் கையை என் நெஞ்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தேன். நர்ஸ் வந்து என் தோளைத் தொட்டு, "போதும்மா," என்ற பிறகுதான் நிறுத்தினேன்.

மாடியை உன் மகள் மறுபடி திறந்துவிட்டாள். சனிக்கிழமை நானும் போகிறேன். இழுத்தால் இப்போதும் நெஞ்சடைப்பு விலகுகிறது, மூச்சு இறங்குகிறது. எலும்பு அதிர்கிறதட்டி. தொட்டுப் பார்க்கத்தான் நீ இல்லை.